சுவர்ப் பக்கம் திரும்பும் முக்காலி

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ராஜமாணிக்கத்தின் கம்பெனிக்குள் நுழைந்தால், சூளைக்குப் போகும் வழியில் இடது பக்கம் ஒரு நீளமான அறை இருக்கிறது. மின்கம்பங்களில் கம்பியைத் தாங்கி நிற்கும் பீங்கான் இன்சுலேட்டர்கள், சூளையில் வெந்து ஆறியதும் முதலில் இந்த அறைக்குத்தான் வரும். வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒன்றாக, முதுகு சாயப் பலகை வைத்த முக்காலிகள். முக்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் உருப்படியை இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கையிலுள்ள சின்ன மரச்சுத்தியால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவாள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே எங்கோ மயிரிழை விரிசல் ஓடுகிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது கழிவுக் கூடைக்குப் போய்விடும்.

கதவை ஒட்டிய முதல் மேசை பாஞ்சாலையுடையது. எல்லா முக்காலிகளும் கதவைப் பார்த்திருக்கும், வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது. பாஞ்சாலை தன் முக்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால், அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. அப்படி வைத்துக்கொள்வோம் என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை, பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. அன்று தள்ளுவண்டியைக் கதவுவழியாக இழுத்து வரமாட்டார்கள், பின்வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார்கள். பக்கத்து மேசை தனக்கோடி தன் செல்போன் பாட்டை நிறுத்திவிடுவாள். வாய் ஓயாத தனக்கோடி அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் சும்மா இருப்பாள்.

பாஞ்சாலை பிறந்தது கருவேப்பிலங்குறிச்சியில். கல்யாணமாகி விருத்தாசலம் வந்தபோது, அச்சிலிருந்து எடுத்த பச்சை உருப்படியின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலைக்குத்தான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். முதல் மேசையில் தட்டிக்கொண்டிருந்த பெரியநாயகி, தன் மகளின் பிரசவத்துக்கென்று திருப்பூர் போனவள், பேரப்பிள்ளையோடு அங்கேயே தங்கிவிட்டாள். கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள் என்று பாஞ்சாலையை உட்காரவைத்தார்கள். அவள் எழுந்திருக்கவே இல்லை.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. தன் கையைத் தாண்டி வெளியே போகிற உருப்படி எங்கோ ஒரு கம்பத்தில், மழையில் நின்று கம்பியைத் தாங்கும் என்று நினைத்துக்கொள்வாள். பஸ்ஸில் போகும்போது கம்பங்களை அண்ணாந்து பார்ப்பாள். கடைவீதியில் பானை வாங்கினாலும் தட்டிப் பார்ப்பாள், தர்பூசணி வாங்கினாலும் தட்டிப் பார்ப்பாள், புது டம்ளரை விரலால் சுண்டிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள். அவள் கணவன் பழமலை லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான்: "நல்லவேள, கல்யாணத்துக்கு முன்னாடி இவ இந்த வேலைக்கு வரல. என் மண்டையத் தட்டிப் பாத்திருந்தா அப்பவே கழிவுக் கூடையில போட்டிருப்பா."

தலைவலி எப்போது தொடங்கியது என்று அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு என்பாள். முதலில் எப்போதாவது வந்தது. இடது கண்ணின் ஓரத்தில் வெயிலில் மினுக்கும் கண்ணாடித் துண்டு போல ஒன்று தோன்றும். அது மெல்ல விரிந்து பாதிப் பார்வையை மறைக்கும். பிறகு நெற்றிப்பொட்டில் யாரோ ஆணியை வைத்து அழுத்துவதுபோலத் தொடங்கி, இடதுபக்க மண்டை முழுவதும் இடிக்கும். வெளிச்சம் ஆகாது, எண்ணெய் வாசனை ஆகாது. எல்லாவற்றையும்விடச் சத்தம் ஆகாது. கணீரென்று கேட்டால்தான் வேலை, அந்தக் கணீர்தான் மண்டைக்குள் இறங்கும். வருடங்கள் போகப் போக மாதத்தில் பாதிக்குமேல் தலைவலி நாளாகிவிட்டது.

சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டாள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினாள். அந்தக் கோயிலில், தனக்கு அநியாயம் செய்தவர்மேல் முருகனிடம் எழுத்தில் புகார் கொடுப்பது வழக்கம். காரியம் முடிந்ததும் போய்ப் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். பணத்தை ஏமாற்றியவன், நிலத்தைப் பிடுங்கியவன் என்று எல்லாரும் ஆள்மேல் பிராது எழுத, பாஞ்சாலை தலைவலிமேல் எழுதினாள். பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், கடலூரில் வேறு மாத்திரை. மாத்திரையைச் சேர்த்துச் சேர்த்து விழுங்கியதில் அந்த மாத்திரையாலேயே தலை வலிக்கிறது என்று புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சித்திரை மாதம் ராஜமாணிக்கம் அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் முதல் மேசை தெரியும்.

"ஒக்காரு பாஞ்சால. தலநோவு எப்பிடி இருக்குது?"

"இருக்குதுங்க மொதலாளி."

"தெரியுது. மூணு வாரமா உன் முதுவத்தான் பாக்குறன்." அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "போன லோடுல வெடிச்ச உருப்படி கலந்து போயிடுச்சின்னு போன் பண்ணாங்க. யாரு மேசையில இருந்து போச்சின்னு நான் கேக்கல. நீயும் சொல்ல வாணாம்."

பாஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டாள். தன் மேசைதான் என்று அவளுக்குத் தெரியும். தலை இடிக்கிற நாளில் மெதுவாகத் தட்டுவாள். மெதுவாகத் தட்டினால் விரிசலும் நல்லதுபோலவே கேட்கும்.

"ஆடி பொறக்கட்டும்" என்றார் ராஜமாணிக்கம். "அதுக்குள்ள சரியாச்சின்னா சந்தோஷம். இல்லன்னா பேக்கிங்குக்குப் போயிடு. அங்க சத்தம் இல்ல, வைக்கல சுத்திப் பொட்டியில அடுக்கற வேலதான். சம்பளத்துல கை வைக்க மாட்டன். ஒன்ன வெரட்டறன்னு நெனைக்காத."

விரட்டவில்லை என்பது அவளுக்கும் புரிந்தது. அதனாலேயே எதிர்த்துப் பேச முடியவில்லை. வீட்டுக்கு வந்து பழமலையிடம் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. "பேக்கிங்குல போறவங்க வர்றவங்க யார் வேணா சுத்துவாங்க. நான் என்னாத்துக்கு?"

அந்த வாரம்தான் புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு அல்ட்ராசவுண்டு வைத்து ஒரு ஆய்வு நடக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார்கள். பழமலையும் அவளும் நெய்வேலி, வடலூர், கடலூர் என்று பஸ் மாறிப் போனார்கள். டாக்டர் நிதானமாகச் சொன்னார். மண்டையைத் திறப்பதில்லை. ஊசி இல்லை, முடி எடுப்பதில்லை. ஒலி அலையைத் தோலுக்கு மேலிருந்தே மூளைக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குச் சின்ன அளவில் அனுப்புவார்கள். வலியைக் கிளப்பிவிடும் நரம்புகள் அதனால் அடங்குகின்றனவா என்று பார்ப்பார்கள்.

"இது இன்னும் ஆராய்ச்சிதாம்மா. கொணமாயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு நெஜமான அலை. பாதிப் பேருக்கு மெஷினை வெறுமனே வச்சி எடுப்போம், அலை போகாது. அப்பதான் பலன் அலையாலயா, மனசாலயான்னு பிரிச்சிப் பாக்க முடியும். உங்களுக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். எல்லாருக்கும் முடிஞ்ச பிறகுதான் சொல்லுவோம்."

செவ்வாய்தோறும் வர வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். பாஞ்சாலை சம்மதித்தாள்.

முதல் செவ்வாய் அவளைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். செல்வநாயகி என்ற சிஸ்டர் இடது நெற்றிப்பொட்டில் குளிர்ந்த பசையைத் தடவி, அதன்மேல் ஒரு கருவியை வைத்துப் பட்டையால் கட்டினாள். பாஞ்சாலை கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒலி அலை என்றார்கள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கும் இதே பசை, இதே குளிர்ச்சி. அந்த மெஷினிலிருந்து பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு, குதிரை ஓடுவதுபோல அறை முழுக்கக் கேட்டது.

இங்கே ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"சிஸ்டரு, மெஷின ஆன் பண்ணிட்டீங்களா?"

"ஆனாயிடுச்சிக்கா. அசையாம இருங்க."

"ஒரு சத்தத்தையும் காணமே?"

"அப்பிடித்தாங்க்கா இருக்கும்."

இரண்டாவது செவ்வாயும் அப்படித்தான். மூன்றாவது செவ்வாய் பாஞ்சாலை பட்டையைக் கட்டவிடாமல் கருவியைக் கையில் வாங்கிக் காதருகே வைத்துப் பார்த்தாள். செல்வநாயகி பதறிப் பிடுங்கினாள். "ஐயய்யோ, அதையெல்லாம் எடுக்கக் கூடாதுக்கா!"

பாஞ்சாலை பஸ்ஸில் வரும்போது பழமலையிடம் சொன்னாள்: "எனக்கு வெறும் மெஷினுதான் மாட்டிக்கிச்சி."

"அதெப்பிடி தெரியும் ஒனக்கு? டாக்டருக்கே தெரியாதாம்."

"ஒலின்னா கேக்கணும். கேக்காத ஒலி என்னா ஒலி? உருப்படிய ஒருத்தி தட்டறா, சத்தமே வரலன்னா அவ தட்டவே இல்லன்னு அர்த்தம். வயித்துல புள்ள இருந்தப்ப எடுத்தாங்களே, அது எப்பிடிக் கத்துச்சி?"

"எதுக்கும் போயிட்டு வந்துடுவமே" என்றான் பழமலை.

அவள் போகவில்லை. அடுத்த வாரம் சூளையின் உள்செங்கல் பெயர்ந்துவிட்டதென்று நெருப்பை அணைத்துப் பழுது பார்த்தார்கள். கம்பெனியில் வேலையே இல்லை. அப்படியும் செவ்வாய்க்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாயந்திரம் செல்வநாயகி கூப்பிட்டாள். தினமும் சாயந்திரம் கூப்பிட்டு அன்றைய வலியைக் கேட்பது அவள் வேலை.

"ஏங்க்கா வரல?"

"சிஸ்டரு, ஒங்களக் கொற சொல்லல. எனக்கு டம்மிதான் வந்திருக்குது, நல்லா தெரிஞ்சிபோச்சி. அந்த நாற்காலிய வேற யாருக்காவது குடுங்க. என்னாட்டம் மண்டயப் புடிச்சிகிட்டு எத்தினி பேரு கெடக்கறாங்க."

"அப்பிடில்லாம் மாத்த முடியாதுக்கா. நீங்களா முடிவு பண்ணக் கூடாது. சரி, இன்னிக்கு வலி பத்துக்கு எவ்ளோ?"

"இன்னிக்குக் கணீர்னுதான் இருக்குது."

"கணீர்னா? கூடவா, கொறச்சலா?"

"கணீர்னா நல்லதும்மா. விரிசல் இல்லன்னு அர்த்தம்."

"எனக்கு நம்பர்தாங்க்கா வேணும்."

"ரெண்டுன்னு போட்டுக்க."

செல்வநாயகி போட்டுக்கொண்டாள். "அடுத்த செவ்வா கண்டிப்பா வாங்க. அதுவும் தவறுச்சின்னா பேர எடுத்துடுவாங்க. அப்புறம் நான் கெஞ்சினாலும் சேத்துக்க மாட்டாங்க" என்று சொல்லி வைத்தாள்.

சூளை சரியாகி மறுபடி வேலை தொடங்கியது. தனக்கோடிதான் முதலில் கவனித்தாள். "எக்கா, ஒம் மூஞ்சி இப்பிடித்தான் இருக்கும்ங்கறதே மறந்துபோச்சி எனக்கு. என்னா, முக்காலி செவுத்தோட சண்டையா?"

"சூள நின்னு கெடந்துது இல்ல, சத்தம் கம்மி. அதான்."

"சூள பத்தவச்சி எத்தினி நாளாவுது?"

"கோட மழ பேஞ்சி குளுந்துருக்குது" என்றாள் பாஞ்சாலை. அதற்குமேல் அவள் அதை நினைத்துப் பார்க்கவில்லை. இப்படிச் சில நாள் விட்டுக்கொடுத்துவிட்டு மொத்தமாக வந்து இடிப்பது அந்தத் தலைவலிக்கு வழக்கம்தான். ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை கம்பெனிக்கு வெளியூரிலிருந்து பிரபாகரன் என்ற இன்ஜினியர் வந்தார். ராஜமாணிக்கம் முதல்முறையாகப் பெரிய இன்சுலேட்டர் செய்து பார்த்திருந்தார். முழங்கை நீளம், உள்ளே துளையில்லாமல் கெட்டியாக இருக்கும். வாங்குகிற கம்பெனிக்காக அவற்றைச் சோதிக்க வந்தவர் பிரபாகரன். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் வேலை. தட்டுகிற பெண்கள் முதலில் தட்டித் தேறியதை எடுத்துவைக்க, அவர் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

காலையிலிருந்து ஓயாத தட்டல். பெரிய உருப்படியின் சத்தமும் பெரிது, கோயில் மணிபோல அறை முழுக்க நின்று அடங்கும். பிரபாகரன் கையடக்கமான ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். அதில் சின்னத் திரை. பெட்டியிலிருந்து வந்த வயரின் முனையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கருவி. உருப்படியின் தலைப்பக்கத்தில் ஏதோ தடவி, கருவியை அதன்மேல் அழுத்தித் திரையைப் பார்த்தார். எடுத்தார், அடுத்ததற்குப் போனார்.

பாஞ்சாலை தட்டி நல்லதென்று எடுத்துவைத்த ஒன்றில் அவர் கை நின்றது. அழுத்திப் பார்த்தார், நகர்த்திப் பார்த்தார். பிறகு சாக்பீஸால் அதில் பெருக்கல் குறி போட்டார்.

"அது நல்லதாச்சே சார்" என்றார் ராஜமாணிக்கம். "பாஞ்சால, தட்டு."

அவள் தட்டினாள். கணீரென்றுதான் கேட்டது. இன்னொரு பக்கமும் தட்டினாள். அப்படியேதான்.

"சத்தம் சரியாத்தான் இருக்குதுங்க" என்றார் பிரபாகரன். "ஒடச்சிப் பாத்துடலாம்."

சூளை ஆள் சம்மட்டியால் போட்டான். இரண்டாகப் பிளந்த உருப்படியின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெற்றிடம் இருந்தது.

"இது விரிசல் இல்லங்க, மண்ணப் பெசையறப்ப உள்ள மாட்டுன காத்து" என்று பிரபாகரன் பாஞ்சாலையைப் பார்த்துச் சொன்னார். "விரிசல்னா நீங்க தட்டுனதுமே தெரிஞ்சிருக்கும். சின்னக் குமிழு சத்தத்தக் கெடுக்காது. நீங்க தப்பா பாக்கல."

பாஞ்சாலை உடைந்த பீங்கானைப் பார்க்கவில்லை. கருவியின் முனையில் ஒட்டியிருந்த பசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் கொஞ்சம் தொட்டுத் தேய்த்தாள். அதே குளிர்ச்சி.

"சாரு, இது என்னா மெஷினு?"

"அல்ட்ராசவுண்டும்மா."

"இப்ப ஆன்ல இருக்குதுங்களா?"

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். தனக்கோடி, "இல்லக்கா, அந்த சாரு மந்திரம் போட்டுப் பாத்தாரு" என்றாள்.

பாஞ்சாலை சிரிக்கவில்லை. "ஒலின்னா சத்தம் வரணுமில்லிங்களா? ஒண்ணுமே கேக்கல."

பிரபாகரன் கருவியைக் கீழே வைத்தார். "ஒலி போவுதும்மா. நம்ம காதுக்குத்தான் அது எட்டாது. சில சத்தம் நாய்க்குக் கேக்கும், நமக்குக் கேக்காது. இது அதுக்கும் ரொம்ப மேல. உள்ள போயி, காத்துல முட்டித் திரும்பி வருது. அதத்தான் தெரயில பாக்குறன்."

"வயித்துல புள்ள இருக்கறப்ப எடுத்தாங்களே, அது கேட்டுச்சே சாரு."

"அது அலையோட சத்தம் இல்லம்மா. திரும்பி வந்த அலைய வச்சி, நமக்குப் புரியறதுக்காக மெஷினு போட்டுக் காட்டற சத்தம். ஸ்பீக்கர நிறுத்திட்டா ஒண்ணும் கேக்காது. ஆனா அலை போயிகிட்டுதான் இருக்கும்."

பாஞ்சாலை தன் முக்காலியில் போய் உட்கார்ந்தாள். எதிரே கதவு, கதவுக்கு வெளியே வெயில். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து அறை முழுக்க மணியடித்ததுபோலத் தட்டியிருக்கிறார்கள். தள்ளுவண்டி கதவுவழியாகத்தான் வந்திருக்கிறது. தனக்கோடியின் செல்போன் பாடிக்கொண்டேயிருக்கிறது. அவள் கதவைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள்.

இது அந்த அலையாலா என்று அவளுக்குத் தெரியாது. இல்லை என்று இனிச் சொல்லவும் முடியாது. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை.

வேலை முடிவதற்குமுன் ஆபீஸ் அறைக்குப் போனாள். "மொதலாளி, நாளைக்கு லீவு வேணுங்க. புதுச்சேரி போவணும்."

ராஜமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தார். "வெளையாடறியா? நாளைக்கு அவுரு மிச்சத்த டெஸ்ட் பண்றாரு. மொத மேச காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? அடுத்த வாரம் போயேன்."

"அடுத்த வாரம் போனா சேத்துக்க மாட்டாங்க. போன வாரம் நானே போவாம வுட்டுட்டன்."

"ஏன் வுட்ட?"

"சத்தம் வரலன்னு."

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே, கதவைப் பார்த்துக் கிடந்த காலி முக்காலியை அவரும் பார்த்தார்.

"நாளைக்கு தனக்கோடி ஒன் மேசையில ஒக்காருவா. அந்த சாரு முன்னாடி நல்லா செஞ்சிட்டான்னு வச்சிக்க, ஆடியில நான் முடிவு பண்றப்ப அதையும்தான் நெனச்சிப் பாப்பன். வந்து கோவிச்சிக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள். முதல் மேசையில் இருப்பதற்காகத்தான் அவள் போகிறாள். போவதனாலேயே அது கைவிட்டுப் போகவும் கூடும். ஆனால் போகாவிட்டால், அடுத்து இடிக்கிற நாளில் முக்காலி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பும். அப்போது முதலாளி ஒரு வார்த்தை கேட்கக்கூடத் தேவையிருக்காது, பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்.

வெளியே வந்ததும் செல்வநாயகிக்குப் போன் செய்தாள். "சிஸ்டரு, நாளைக்கு வந்தா சேத்துக்குவீங்களா?"

"வாங்க்கா, வாங்க! என்னாக்கா, மனசு மாறிட்டீங்க?"

"பீங்கானுக்கும் அந்தப் பசதான் தடவறாங்க" என்றாள் பாஞ்சாலை. செல்வநாயகி அதைக் கேட்டு விழித்திருப்பாள்.

மறுநாள் காலை பழமலை லோடு ஆட்டோவிலேயே அவளைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டான். "கூட வரட்டுமா?" என்று கேட்டான். "வாணாம். ஒங்களுக்குப் பெண்ணாடத்துல லோடு இருக்குது இல்ல, போங்க. நான் போயிட்டு வரேன்" என்றாள். வடலூர் தாண்டும்போது, இந்நேரம் தனக்கோடி தன் மேசையில் உட்கார்ந்திருப்பாள், தன் சுத்தியைத்தான் எடுத்திருப்பாள் என்று தோன்றியது. அந்தச் சுத்தியின் பிடியில் பாஞ்சாலையின் கட்டைவிரல் பட்டுப்பட்டு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தனக்கோடிக்கு அது பிடிபடாது. பிடிபடக் கூடாது என்று ஒரு கணம் நினைத்தாள். உடனே வெட்கமாக இருந்தது.

செல்வநாயகி பசையைத் தடவினாள், பட்டையைக் கட்டினாள். "என்னாக்கா, இன்னிக்குச் சத்தம் கேக்கலன்னு கேக்கலியா?"

"கேக்கலதான். போயிகிட்டிருந்தா போவட்டும்."

"அப்ப டம்மி இல்லன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"அதையும் நான் முடிவு பண்ணல. நீங்கதான பண்ணக் கூடாதுன்னீங்க?"

செல்வநாயகி சிரித்துக்கொண்டே விளக்கைக் குறைத்தாள். பாஞ்சாலை கண்ணை மூடினாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வேறொன்றும் கேட்கவில்லை. காதைத் தீட்டாமல் சும்மா கிடந்ததில் தூங்கியே போனாள்.

புதன்கிழமை கம்பெனிக்குப் போனபோது தனக்கோடி தன் பழைய மேசையில்தான் இருந்தாள். "ஒன் சுத்திய நீயே வச்சிக்கக்கா. கட்டவெரலு கொப்புளிச்சிப் போச்சி. அந்த சாரு வேற தலமேலயே நின்னாரு. எனக்கு மொத மேசயும் வாணாம், மொதலாளி ஜன்னலும் வாணாம்." அவள் தட்டி எடுத்துவைத்த உருப்படிகளும் பிரபாகரனின் சோதனையில் நன்றாகவே தேறியிருந்தன. பாஞ்சாலை டீ வாங்கி வந்து முதல் டம்ளரை அவளுக்குக் கொடுத்தாள்.

மீதிச் செவ்வாய்களில் ஒன்றையும் அவள் தவறவிடவில்லை. தலைவலி வந்தது. ஆனியில் ஒருநாள் பழையபடியே கண்ணாடித் துண்டு மினுக்கி, மண்டை இடித்து, முக்காலியைத் திருப்பத்தான் வேண்டியிருந்தது. அன்று ஒவ்வொரு உருப்படியையும் மெதுவாகத் தட்டாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சரியான வேகத்திலேயே தட்டினாள். சந்தேகப்பட்டதைத் தனக்கோடியிடம் நீட்டி, அவளையும் ஒருமுறை தட்டச் சொன்னாள். மறுநாள் முக்காலி கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டது. முன்பெல்லாம் அது திரும்ப ஒரு வாரம் ஆகும். சாயந்திரம் செல்வநாயகி கேட்டபோது, "நேத்து எட்டு, இன்னிக்கு ஒண்ணு" என்றாள். அவள் இப்போது நம்பரிலேயே சொல்லப் பழகியிருந்தாள்.

ஆய்வில் இன்னும் ஆட்கள் மீதமிருக்கிறார்கள். அவளுக்குப் போனது நிஜமான அலையா, வெறும் மெஷினா என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. டாக்டரும் நல்லது என்றோ கெட்டது என்றோ வாய் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச மாதம் போகட்டும், வலி திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

ஆடி முதல் வாரம் ராஜமாணிக்கம் ஆபீஸ் அறைக்கு அவளைக் கூப்பிடவில்லை. அவரே தட்டுகிற அறைக்கு வந்தார். கையில் சுத்தியலும் ஆணியும் வைத்திருந்த தச்சர் ஒருவர் கூடவே வந்தார். ஆடிக்கொண்டிருந்த மேசைக் கால்களைச் சரிசெய்ய வந்தவர் அவர். ராஜமாணிக்கம் பாஞ்சாலையின் முன்னால் வந்து நின்றார்.

"பேக்கிங்குக்கு வேற ஆளு போட்டுட்டன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாஞ்சாலை கையிலிருந்த உருப்படியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எக்கா, அப்ப கொளஞ்சியப்பர் கோயில்ல போயிப் பிராத வாபஸ் வாங்கிடு" என்றாள் தனக்கோடி. "பாவம், அவரு எத்தினி வருசமா ஒன் கேஸையே பாக்குறாரு."

"முழுசா போவல இன்னும். பாதிக் கேஸுல வாபஸ் வாங்குனா அவரு கோவிச்சிக்குவாரு."

ராஜமாணிக்கம் சிரித்தார். முக்காலியைக் காட்டித் தச்சரிடம், "இதையும் ஆணியடிச்சித் தரையோட இறுக்கிடுய்யா, கதவப் பாத்தாப்புல" என்றார்.

தச்சர் விளையாட்டென்று அறியாமல் குனிந்துவிட்டார். பாஞ்சாலை அவசரமாக எழுந்து முக்காலியைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"வாணாங்க மொதலாளி. அது அப்பிடியே இருக்கட்டும். எப்பனா ஒருநா திருப்ப வேண்டியிருக்கும்."

தச்சர் அடுத்த மேசைக்குப் போனார். பாஞ்சாலை உட்கார்ந்து, கீழே வைத்த உருப்படியை மறுபடி எடுத்து, முதலிலிருந்து தட்டினாள்.